காது மெஷின் மஞ்சப்பையில் இருந்தது: முடிவெடுக்கும் திறன் என்றால் என்ன?

இரண்டு வருடத்துக்கு முன் என் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். வயது 76. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சாயங்காலம் ஏழு மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். "என்னம்மா, ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். அத்தை விழித்தார். "சாப்பிட்டேன்" என்றார். டாக்டர் அத்தை மகன் பக்கம் திரும்பி, "அம்மா கன்ஃபியூஸ்டா இருக்காங்க, நீங்களே கையெழுத்துப் போட்டுருங்க" என்றார். அவரும் பேனாவைக் கையில் வாங்கிவிட்டார்.

அத்தையின் காது மெஷின் அப்போது பல்செட்டோடு சேர்ந்து ஒரு மஞ்சப்பையில், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்தது. எங்காவது தொலைந்துவிடப் போகிறதே என்று ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே கழற்றி வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை மெஷினை மாட்டிவிட்டோம். டூட்டியில் இருந்த ஒரு இளம் டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எலும்பு எங்கே உடைந்திருக்கிறது, கம்பி வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன என்று பொறுமையாகச் சொன்னார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பண்ணாம விட்டா, என்னைக் கக்கூசுக்கு யாரு தூக்கிட்டுப் போவா?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே, "சரி, பண்ணிருங்க" என்றார். படிவத்தில் இருப்பது அத்தையின் கையெழுத்துதான், கொஞ்சம் கோணலாக.

ஒரே ஆள், ஒரே படுக்கை, பன்னிரண்டு மணி நேர இடைவெளி. முதல் நாள் மாலை "முடிவெடுக்க முடியாதவர்"; மறுநாள் காலை வார்டிலேயே தெளிவானவர். முடிவெடுக்கும் திறன் என்று மருத்துவத்திலும் சட்டத்திலும் சொல்வதைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நாம் சாதாரணமாக நினைப்பது என்ன? ஒருவருக்குச் சுயபுத்தி இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. மறதி நோய் வந்துவிட்டால் போச்சு, மனநோய் என்று பெயர் வைத்துவிட்டால் போச்சு. ஆனால் முடிவெடுக்கும் திறன் கண் நிறம் மாதிரி ஆளோடு ஒட்டிக்கொண்டு வரும் குணம் கிடையாது. கேள்வி எப்போதும் இதுதான்: இந்த ஆளால், இந்த ஒரு முடிவை, இந்த நேரத்தில் எடுக்க முடியுமா? வீட்டை விற்பதன் கணக்கு வழக்கு புரியாத ஒருவருக்கு, ஊசி வேண்டுமா மாத்திரை வேண்டுமா என்பது நன்றாகவே புரியலாம். இரவில் பேரனைத் தம்பி என்று கூப்பிடும் பெரியவர் காலை பத்து மணிக்குத் தெளிவாக இருக்கலாம்.

இது ஏதோ புதிதாக வந்த மேல்நாட்டு யோசனை என்று நினைக்க வேண்டாம். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 12-ல் ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. மனநல விடுதியில் இருக்கும் நோயாளி ஒருவர் இடையிடையே தெளிவாக இருந்தால், அந்தத் தெளிவான நேரத்தில் அவர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் நம் வார்டுகளில் இது பலருக்குப் புதுச்செய்தியாகத்தான் இருக்கிறது.

சரி, திறன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இங்கிலாந்தின் 2005-ம் ஆண்டு மனத்திறன் சட்டம் இதை நான்கு சின்ன கேள்விகளாக உடைக்கிறது. அந்த நாட்டுச் சட்டம் நமக்குப் பொருந்தாது என்றாலும், அந்த நான்கும் எந்த ஊர் நோயாளிக்கும் உதவும். சொன்னது புரிகிறதா? முடிவு எடுக்கும் வரைக்குமாவது மனதில் நிற்கிறதா? இப்படிச் செய்தால் இது, அப்படிச் செய்தால் அது என்று சீர்தூக்க முடிகிறதா? முடிவை ஏதாவது ஒரு வழியில் வெளிப்படுத்த முடிகிறதா? அவ்வளவுதான். அத்தையின் கேள்வியை இதில் வைத்துப் பாருங்கள். எலும்பின் பெயரோ ஆபரேஷனின் பெயரோ அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஆபரேஷன் இல்லாவிட்டால் நடை போகும், நடை போனால் மானம் அடுத்தவர் கையில் என்று இரண்டே படியில் போய்ச் சேர்ந்துவிட்டார். சீர்தூக்குவது என்றால் இதுதான்.

நினைவில் நிற்பது பற்றி ஒரு வார்த்தை. நாளைக்கு ஞாபகம் இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கொஞ்ச நேரமே நினைவில் வைத்திருக்க முடிகிறது என்பதற்காக ஒருவரைத் திறன் இல்லாதவர் என்று சொல்லக் கூடாது என்று அந்தச் சட்டமே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. "நேத்து சரின்னாங்க, இன்னைக்கு அப்படிச் சொல்லவே இல்லைங்கிறாங்க" என்று புகார் சொல்வோருக்கு இது பயன்படும்.

நான்கு கேள்விகளை விட முக்கியமானது, அவற்றைக் கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. உதவி முதலில், சோதனை அப்புறம். நடைமுறையில் முடிந்த எல்லா உதவியும் செய்து பார்த்துப் பலிக்காத பிறகுதான் ஒருவரால் முடிவெடுக்க முடியாது என்று சொல்லலாம் என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. நம்முடைய மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 4-ம் இதே வழியில் போகிறது: நோயாளிக்குப் புரிகிற எளிய மொழியில், தேவைப்பட்டால் சைகை மொழியில், படம் காட்டி, அல்லது வேறு எந்த வழியிலாவது தகவலைச் சொல்ல வேண்டும்.

உதவி என்றால் என்ன? பெரும்பாலும் ரொம்பச் சின்ன விஷயங்கள். காது மெஷின், கண்ணாடி, பல்செட். டிவியை நிறுத்துவது. எழுந்து நிற்காமல், நோயாளியின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து பேசுவது. ஒரே மூச்சில் ஐந்து விஷயம் கொட்டாமல் ஒன்று சொல்லி நிறுத்துவது. "லெஃப்ட் ஹிப் ஃபிராக்சர், ஹெமி பண்ணணும்" என்பதை "இடது இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு, செயற்கை மூட்டு வைக்கணும்" என்று மாற்றுவது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்காக. "வீட்டுல அக்கா கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வெளியே வரும்.

நேரமும் ஒரு உதவிதான். வயதானவர்களுக்குக் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உடம்பில் சோடியம் குறைவது, தாங்க முடியாத வலி, சில மாத்திரைகள், இவற்றால் திடீர்க் குழப்பம் வரும். டெலிரியம் என்பார்கள். மறதி நோய் மாதிரி வருடக்கணக்கில் வளர்வதில்லை; சில மணி நேரத்தில் வரும், ஏறி இறங்கும், மாலையிலும் இரவிலும் மோசமாகும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதனால் அவசரமில்லாத முடிவை நாளைக் காலைக்குத் தள்ளி வைப்பது தாமதம் ஆகாது, அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள் இன்னொரு ரகம். பேச வராது, ஆனால் கேட்பது பெரும்பகுதி புரியும் என்ற நிலையில் இருப்பவர்கள் நிறைய. பேசாததால் தெரியாது என்று சுற்றி இருப்பவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். ஆம் ஒரு அட்டை, இல்லை ஒரு அட்டை, ரெண்டு படம், இவை போதும் சில நேரம். நம் 2017 சட்டத்தில் பேச்சு, முகபாவம், சைகை, வேறு எந்த வழியும் முடிவைத் தெரிவிக்கும் வழியாகக் கணக்கில் வரும்.

அந்தப் பிரிவு 4-ல் ஒரு விநோதம் இருக்கிறது. தகவலைப் புரிந்துகொள்வது, விளைவை உணர்வது, முடிவைத் தெரிவிப்பது என்று மூன்றைச் சொல்லி, நடுவில் "அல்லது" போட்டிருக்கிறார்கள். அதாவது மூன்றில் ஒன்று இருந்தாலே திறன் உள்ளவர் என்று எழுத்துப்படி பொருள் வருகிறது. மனநல மருத்துவர்கள் சிலர் இது சரிப்படாது என்கிறார்கள். எனக்கும் அந்த "அல்லது" கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. விளைவு எதுவும் தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினால் அது முடிவாகிவிடுமா? ஆனாலும் தவறினால் எந்தப் பக்கம் தவற வேண்டும் என்பதைச் சட்டம் அதன் வழியாகச் சொல்லிவிட்டது.

அடுத்து வருவதுதான் வீட்டில் சண்டை வரும் இடம். ஒருவர் எடுக்கும் முடிவு நமக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அதை வைத்தே அவருக்குப் புத்தி இல்லை என்று சொல்லலாமா? கூடாது. மற்றவர்கள் கண்ணுக்குத் தவறாகத் தெரிகிறது என்பதே திறன் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது என்று பிரிவு 4 வெளிப்படையாகச் சொல்கிறது.

இதற்கு இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் நடந்தது. பிராட்மூர் என்ற உயர் பாதுகாப்பு மனநல மருத்துவமனையில் 68 வயது நோயாளி ஒருவர். கடுமையான மனச்சிதைவு நோய். தானே உலகப் புகழ்பெற்ற டாக்டர் என்று நம்புகிறவர். காலில் அழுகல் வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே வெட்டாவிட்டால் பிழைக்க 15 விழுக்காடுதான் வாய்ப்பு என்றார் அறுவை மருத்துவர். நோயாளி மறுத்துவிட்டார். செத்தாலும் ரெண்டு காலோடு சாகிறேன் என்கிற தோரணை. உயர் நீதிமன்றம் அவர் பேச்சைக் கேட்டது. பிரமைகள் இருந்தன, சந்தேகமில்லை. ஆனால் கால் விஷயத்தில் டாக்டர்கள் சொன்னதை அவர் புரிந்துகொண்டார், நம்பினார், எடைபோட்டார். ஆகவே அவர் சம்மதம் இல்லாமல் காலைத் தொடக் கூடாது என்று தீர்ப்பு. காலை எடுக்காமலேயே அவர் பிழைத்தும் கொண்டார். பிழைத்ததால்தான் தீர்ப்பு சரி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் இறந்திருந்தாலும் அது சரியான தீர்ப்புதான்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே நோயாளி மறுப்பதை விட அடிக்கடி நடப்பது, நோயாளியைக் கேட்காமலே விடுவது. படிவத்தில் "உறவினர் கையொப்பம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் கையெழுத்து விழுந்துவிட்டால் எல்லாம் முறைப்படி நடந்த மாதிரி எல்லோருக்கும் ஒரு நிம்மதி. இந்த நிம்மதியை உச்ச நீதிமன்றம் 2008-லேயே கலைத்துவிட்டது. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் ரத்தப்போக்குக்காக ஒரு கிளினிக்குக்குப் போகிறார். வயிற்றுக்குள் சின்னக் கருவி விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதம் தருகிறார். மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே உட்கார்ந்திருந்த வயதான தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார்கள். நடந்தது 1995-ல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வயதுவந்த, திறனுள்ள பெண் தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கிறார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. அவர் கண் விழிக்கும் வரை காத்திருந்து கேட்டிருக்க வேண்டும். தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். சிகிச்சை அக்கறையோடு நல்லெண்ணத்தில் செய்யப்பட்டது என்பதை ஏற்றுக்கொண்டே இதைச் சொன்னது. அறுவைக்கான கட்டணத்தை வாங்கக் கூடாது, மேற்கொண்டு 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. தொகை சின்னது. சொன்ன விஷயம் பெரியது: தாயோ கணவனோ மகனோ, நெருக்கம் மட்டுமே ஒருவர் உடம்பின் மேல் இன்னொருவருக்கு உரிமை கொடுத்துவிடாது.

அடுத்த வருடமே, 2009-ல், சண்டிகரில் இருந்து இன்னொரு வழக்கு வந்தது. அரசு காப்பகத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண். அங்கேயே வன்கொடுமைக்கு ஆளாகிக் கர்ப்பமாகிவிட்டார். கருவைக் கலைக்க நிர்வாகம் அனுமதி கேட்டது, உயர் நீதிமன்றம் கொடுத்தது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. லேசான குறைபாடும் மனநோயும் ஒன்றல்ல. அவர் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது. வளர்க்க உதவி தேவைப்பட்டால் உதவியைக் கொடுங்கள் என்றது. அவரைப் பாதுகாக்க வேண்டிய இடத்தில் பாதுகாக்காமல் விட்டவர்கள், அவருக்காக முடிவெடுக்க மட்டும் முன்னால் வந்து நின்றார்கள் என்பது எனக்கு அந்த வழக்கில் மறக்காத பகுதி.

தமிழ்நாட்டில் இதைப் பேசும்போது ஏர்வாடியைத் தாண்டிப் போக முடியாது. 2001, ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவுக்கு வருவோரை வைத்துத் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில், கூரைக்கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களில் எத்தனை பேரிடம் "இங்கே இருக்கச் சம்மதமா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள்? 2017 சட்டத்தின் பிரிவு 95, மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அந்த ஒரு வரியைப் படிக்கும்போது எனக்கு ஏர்வாடிதான் கண்ணுக்குத் தெரியும்.

எல்லா உதவியும் செய்தாகிவிட்டது, இன்னும் முடியவில்லை என்றால்? அப்போது இன்னொருவர் முடிவெடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த இன்னொருவர் யார் என்பதை நாம் தெளிவாக இருக்கும்போதே சொல்லி வைக்கலாம். மனநலச் சிகிச்சைக்கு இது ரொம்ப எளிது: 18 வயது முடிந்த யாரும், தனக்காகப் பேசும் பிரதிநிதியை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். கணவராகவோ அண்ணனாகவோ இருக்க வேண்டும் என்று இல்லை; நம்பிக்கையான தோழியாகவும் இருக்கலாம். எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். அவசர சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது. மற்றபடி டாக்டரோ உறவினரோ அதைப் பின்பற்ற விரும்பாவிட்டால், தாங்களாகத் தூக்கிப் போட முடியாது. மனநலச் சீராய்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அந்தப் பிரதிநிதியும் தன் விருப்பத்துக்கு ஆட முடியாது. நோயாளி இப்போது என்ன சொல்கிறார், முன்பு எப்படி வாழ்ந்தார், எதை மதித்தார் என்று பார்க்க வேண்டும். பெரும் ஆதரவு தேவைப்படுகிறவரை ஆதரவுச் சேர்க்கை என்ற வழியில் மருத்துவமனையில் சேர்த்தால், அது முதலில் 30 நாள் வரைதான், அதற்குள்ளும் ஏழு நாளுக்கு ஒருமுறை, "இப்போது அவராலேயே சம்மதம் சொல்ல முடியுமா?" என்று திரும்பப் பார்க்க வேண்டும். ஒருமுறை முடியாதவர் என்றால் எப்போதும் முடியாதவர் என்று ஆகிவிடாது.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு வேறு கவலை. பிள்ளைக்கு 18 ஆனதும் சட்டப்படி பெற்றோர் இயல்பான பாதுகாவலர் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, வரையறுக்கப்பட்ட பாதுகாவல் என்று ஒன்றைக் கொண்டுவந்தது: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரோடு சேர்ந்தே முடிவெடுப்பது. அவர் சார்பில் முடிவெடுத்தாலும் அவரைக் கலந்துதான் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவில் இருந்து வந்த யோசனை அது.

பணம், சொத்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "அப்பா பவர் எழுதிக் கொடுத்துட்டார், இனி கவலையில்ல" என்று பல குடும்பங்கள் நிம்மதியாக இருக்கின்றன. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்துவிட்டால் அந்த முகவர் உறவே முடிந்துபோகும் என்கிறது அதே 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201. அதாவது எப்போது ரொம்பத் தேவையோ அப்போது பவர் கைகொடுக்காது. கோமாவில் இருப்பவரின் வங்கிக் கணக்குக்காகக் குடும்பங்கள் உயர் நீதிமன்றம் ஏறுவது இதனால்தான். உயிர் காக்கும் கருவிகள் வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உயில் (லிவிங் வில்) வேறு கதை. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் அதிகாரி போதும்.

அத்தை கதைக்கு ஒரு மீதி இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது எந்த வீடு என்று பிரச்சினை வந்தது. மகன் சென்னைக்கு வரச் சொன்னார். லிஃப்ட் இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கம். அத்தை, "என் வீட்டுக்குத்தான் போவேன்" என்றார். அந்த வீட்டு வாசலில் இரண்டு உயரமான படி. விழுந்தாலும் விழலாம் என்று எல்லோரும் சொன்னோம். "தெரியும்" என்றார். அங்கே நாலாவது மாடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை விட இங்கே விழுவது மேல் என்றார். எனக்கு இப்போதும் சென்னைதான் பாதுகாப்பு என்று தோன்றுகிறது. ஆனால் அவருக்கு ஆபத்து தெரியும், எடைபோட்டாகிவிட்டது. நாங்கள் செய்யக்கூடியது ஆபத்தைக் குறைப்பதுதான். கக்கூசில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தோம். பக்கத்து வீட்டுப் பெண் ராத்திரி வந்து படுத்துக்கொள்ள ஏற்பாடு ஆனது. கொத்தனாரைக் கூப்பிட்டு வாசற்படியை இடித்துச் சரிவாக்கினோம். தரைக்குச் சிமென்ட்டை அப்படியே விடவா, சிவப்புப் பூசவா என்று கொத்தனார் மகனைப் பார்த்துக் கேட்டார். மகன் அத்தையைக் கை காட்டினார். சிவப்பு என்றார் அத்தை.